தங்கக் கையின் மூக்கு

வெளியுலகத்தில் வளர்ச்சி என்றால் நல்ல சேதி. பிள்ளை வளர்ந்தால் சந்தோஷம், கடை வளர்ந்தால் சந்தோஷம், தொட்டியில் கீரை வளர்ந்தால்கூடச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், லிஃப்டை விட்டு இறங்கி இடது பக்கம் திரும்பினால் வருகிற கிருமி லேபில் மட்டும் எல்லாம் தலைகீழ். 'வளர்ச்சி இல்லை' என்று சீட்டு வந்தால் நோயாளியின் வீட்டார் கையெடுத்துக் கும்பிடுவார்கள். 'வளர்ந்திருக்கு' என்றால் முகம் தொங்கிப்போகும். இருபத்து நான்கு வருஷமாக அந்தச் சீட்டை எழுதி வந்தவளுக்குத் தட்டுக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை.

தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு இல்லை. உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட வட்டத் தட்டு. அதில் ரத்தம் கலந்த கூழை ஊற்றி உறையவைத்திருப்பார்கள். சீழ், சளி, சிறுநீர் எது வந்தாலும் தட்டுக்காரி கம்பி வளையத்தால் தொட்டு அந்தக் கூழின் மேல் கோடு கோடாக இழுத்து, உடம்புச் சூடு உள்ள பெட்டியில் வைத்துவிடுவாள். மறுநாள் காலை திறந்தால், கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது பெருகிப் பெருகிப் புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருக்கும். பச்சை நிறமும் திராட்சை வாசமும் என்றால் ஒருவன். அலை அலையாகத் தட்டு முழுக்க ஊர்ந்தால் இன்னொருவன். எல்லோரையும் அவன் இவன் என்றுதான் சொல்வாள். சொந்தக்காரர்களைவிட அவர்களைத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கோபக்காரி. முன்கோபம் மட்டும் இல்லை, பின்கோபமும் உண்டு. வந்த கோபத்தைத் தூக்கி எறியாமல் மடித்து வைத்துக்கொள்கிற ஜாதி. வார்டிலிருந்து பெயர் எழுதாத குப்பி வந்தால் கொண்டுவந்தவரை நிற்கவைத்து, "இது யார் வீட்டுச் சளி? உன்னுதா? அப்ப உன் பேரை எழுது" என்பாள். பெயரில்லாத சாம்பிளை இருபத்து நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் வாங்கியதில்லை.

லேபின் ஃபிரிட்ஜில் அடித்தட்டின் மூலையில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. அதன் மேல் 'விசில்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏதோ ரகசியக் குறி என்று நினைத்துக்கொள்வார்கள். லேபின் தலைவர், மூக்குக்கண்ணாடியைத் தேடுவதிலேயே பாதி நாளைக் கழிக்கிற ஒரு நல்ல மனுஷர், அது என்ன என்று கேட்டதே இல்லை. மாதம் தவறாமல் முதல் திங்கட்கிழமை, தட்டுக்காரி அந்தக் குப்பியிலிருந்து ஒரு துளி எடுத்துப் புதுக் கூழுள்ள வேறு குப்பிக்கு மாற்றுவாள். மாற்றாவிட்டால் உள்ளே இருக்கிறது பட்டினி கிடந்து செத்துப்போகும். மாற்றும்போது, அக்கம்பக்கம் யாரும் இல்லையென்றால், "என்னடா, சாப்பிட்டியா? நல்லா சாப்பிடு. உனக்கு ஒரு வேலை இருக்கு" என்பாள்.

பாம்புக்குப் பால் வார்க்கிற வேலைதான். தெரிந்தேதான் வார்த்தாள், பதினோரு வருஷம்.

விசில் என்பது அவள் தங்கச்சி. பஸ் கண்டக்டர். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவாள்; குளியலறையை யாராவது அடைத்துக்கொண்டு இருந்தால் வெளியே நின்று இரண்டு தடவை ஊதுவாள். பித்தப்பையில் கல் என்று தெரிந்தபோதுகூட, "அக்கா, எனக்குள்ள ஒரு கல்லு வளர்ந்திருக்காம். உன் சூட்டுப் பெட்டியில வெச்சா குட்டி போடுமா?" என்று கேட்டவள். சின்ன ஆபரேஷன், மூன்றே நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். தட்டுக்காரியே ஆள் பிடித்து, ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடமே தேதி வாங்கினாள். அவருக்குத் தங்கக் கை என்று பெயர். அவர் கை பட்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று வாசல் காவல்காரனிலிருந்து வார்டு ஆயா வரைக்கும் சொல்வார்கள். அதை நம்பித்தான் அவளும் போனாள்.

தங்கக் கைக்கு ஒரு வழக்கம். முகமூடி போட்டால் மூச்சுப் பட்டு அவருடைய கண்ணாடி மங்கிவிடும். அதனால் முகமூடியை இறக்கி மூக்குக்குக் கீழே விட்டுக்கொள்வார். ஆபரேஷன் தியேட்டரிலும் அப்படித்தான், வார்டிலும் அப்படித்தான். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் தங்கச்சியின் கட்டைப் பிரித்துப் பார்க்க வந்தார். மூக்கு அரித்தது போல. உறை போட்ட கையின் புறங்கையால் மூக்கை இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, அதே கையால் புண்ணை அழுத்திப் பார்த்து, "பிரமாதம்" என்றார். தலைமாட்டில் நின்ற தட்டுக்காரி அதைப் பார்த்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. பெரிய டாக்டரிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்கு வாயைத் திறக்காததற்கு அவள் தன்னையும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கை அவள் தனியாக வைத்திருந்தாள்.

நான்காம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் புண்ணில் சீழ். அந்தச் சீழ் மூன்றாம் மாடிக்குத்தான் வந்தது. தட்டில் கோடு இழுத்தவளும் அவள்தான், மறுநாள் காலை மூடியைத் திறந்தவளும் அவள்தான். தட்டு முழுக்கத் தங்கம்.

லேபில் தங்கம் என்பது ஒரு கிருமிக்குச் செல்லப்பெயர். வெண்ணெய் உருண்டை மாதிரி, மஞ்சளாக, பளபளவென்று திரளும். மூன்று பேருக்கு ஒருவர் மூக்கில் வாடகை இல்லாமல் குடியிருக்கும். மூக்குக்குள் இருக்கிறவரைக்கும் பரம சாது. அறுத்த புண்ணில் விழுந்து ரத்தத்தில் ஏறிவிட்டால் எமன். பதினொன்றாம் நாள் மத்தியானம் தங்கச்சி போய்விட்டாள். விசில் தலையணைக்குக் கீழே இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் அது விதி என்று ஒரு நாள் ஆறியிருக்கும். தங்கக் கை ஆறவிடவில்லை. வார்டுக்கு வெளியே நடையில், நாலு பேர் கேட்கும்படி தட்டுக்காரியின் அம்மாவிடம் சொன்னார்: "என் தையல்ல ஒரு பழுதும் இல்லைம்மா. கூட இருந்தவ யாரு? கிருமி லேப்ல வேலை பார்க்கறவ. நாள் பூரா கிருமியைக் கையால தொட்டுட்டு வந்து, அதே கையால தங்கச்சிக்குத் தண்ணி குடுத்திருக்கா. வேற எங்கேருந்து வரும்?"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு மூத்தவளைத் திரும்பிப் பார்த்தாள். "கையைக் கழுவிட்டுத்தானே குடுத்தே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கழுவிட்டுத்தாம்மா குடுத்தேன்."

அம்மா தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. தனக்கென்று மூடி போட்ட ஒரு செம்பும் ஒரு டம்ளரும் வைத்துக்கொண்டாள். மற்றபடி எல்லாப் பேச்சும் உண்டு. பக்கத்து வீட்டுச் சண்டை, மின்சாரக் கட்டணம், முழங்கால் வலி எல்லாம் உண்டு. தட்டுக்காரி மாத்திரையை நீட்டினால், "அங்க வை" என்பாள். வைத்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு, எழுந்துபோய்த் தன் செம்பிலிருந்து ஊற்றிக் குடிப்பாள். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாளில்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தால் இன்னும் தேவலை.

தட்டுக்காரி சும்மா இருக்கவில்லை. தன் மூக்கில் தானே பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்தாள். கையைச் சோதித்தாள், தொண்டையைச் சோதித்தாள். வாரம் ஒரு தடவையாகப் பதின்மூன்று வாரம். பதின்மூன்று தடவையும் வளர்ச்சி இல்லை. சீட்டுகளை அடுக்கிக்கொண்டு போய் அம்மா முன்னால் வைத்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதெல்லாம் நீ எழுதினதுதானே?"

அவ்வளவுதான். திருடியே தீர்ப்பு எழுதினால் யார் நம்புவார்கள்? அப்போது அவளுக்கு ஒன்று விளங்கியது. அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று அவள் கையால் எழுதாத ஒரு சீட்டு வேண்டும். அல்லது சொன்ன வாயே வந்து மாற்றிச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் சாட்சி சாகக்கூடாது. தங்கச்சியைக் கொன்றவனைக் குப்பியில் போட்டு, தங்கச்சியின் பெயரை ஒட்டி, சோறூட்டத் தொடங்கியது அந்த வாரம்தான்.

சாட்சி இருந்தது, குற்றவாளியின் மூக்குதான் கிடைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தியேட்டரில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் மூக்குச் சோதனை உண்டு. தட்டுக்காரிதான் பஞ்சுக்குச்சிகளோடு போவாள். கூட்டுகிறவரில் தொடங்கும், ஆயா, கம்பவுண்டர், நர்ஸ் என்று ஏறும், அங்கேயே நின்றுவிடும். பெரிய டாக்டர்களுக்குக் கிடையாது. எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது. கிருமி என்னவோ சம்பளம் பார்த்து மூக்குத் தேர்ந்தெடுப்பது மாதிரி! இரண்டாம் வருஷம் துணிந்து தங்கக் கையிடமே கேட்டாள். "என் மூக்கை வெச்சு என்ன பண்ணப் போறே? இருக்கற மூக்கெல்லாம் போதாதா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மூக்கு எடுக்கப் போனவள் மூக்குடைபட்டுத் திரும்பினாள்.

தியேட்டருக்கு வெளியே குப்பைக் கூடையில் அவர் கழற்றிப்போட்ட முகமூடியைத் தேடியும் பார்த்தாள். கூடையில் கிடந்தது எட்டு முகமூடி. எது யாருடையது? பெயரில்லாத சளியை வாங்காதவள் பெயரில்லாத முகமூடியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அப்படியே போட்டுவிட்டு வந்தாள். பழி வாங்குவதிலும் அவளுக்கு ஒரு தொழில் சுத்தம் இருந்தது.

வருஷங்கள் போயின. தங்கக் கைக்கு இன்னும் பெரிய அறை கிடைத்தது. எதிரில் வந்தால் தட்டுக்காரி சுவரோரம் ஒதுங்கி வணக்கம் சொல்வாள். மனசுக்குள், "இருடா, இரு" என்பாள்.

பதினோராவது வருஷம் தங்கக் கை குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஏற்கெனவே தேய்ந்திருந்த இடுப்பு மூட்டு நொறுங்கிவிட்டது. உலோக மூட்டு வைக்க வேண்டும், அதுவும் தன் ஆஸ்பத்திரியிலேயேதான் வைத்துக்கொள்வேன் என்றார். இதற்குள் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. உடம்புக்குள் உலோகம் வைக்கிற நோயாளிக்கு முன்கூட்டியே மூக்குச் சோதனை செய்ய வேண்டும். தங்கம் இருந்தால் மூக்குக்குக் களிம்பும் மருந்துக் குளியலும் கொடுத்து ஒழித்துவிட்டுத்தான் கத்தி. இல்லாவிட்டால் சொந்த மூக்குக் கிருமியே புது மூட்டில் போய்க் குடியேறி ஆளைத் தின்றுவிடும். "எனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று தங்கக் கை கேட்டாராம். புதிதாக வந்திருந்த தலைமை நர்ஸ் யாருக்கும் பயப்படாத பெண்பிள்ளை. "சார், இப்ப நீங்க டாக்டர் இல்ல, பேஷண்ட். கொஞ்சம் தலையை நிமிருங்க" என்று சொல்லிக் குச்சியை விட்டுவிட்டாள்.

அந்தக் குச்சி ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடிக்கு வந்தது. பெயர், வயது, படுக்கை எண், எடுத்த இடம் மூக்கு. எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. தட்டுக்காரி பெயரை மூன்று தடவை படித்தாள். கம்பியைச் சுட்டு ஆறவைத்து, அவள் வாழ்க்கையிலேயே நேர்த்தியான கோடுகளை அந்தத் தட்டில் இழுத்தாள்.

மறுநாள் காலை மூடியைத் திறந்தாள். தங்கம். மஞ்சளாக, பளபளவென்று, கல்யாண வீட்டு நகை மாதிரி ஜொலித்தது.

அது மட்டும் போதாது. தங்கம் எத்தனையோ மூக்கில் இருக்கும். மருந்து தடவிய பத்துக் காகித வில்லைகளை வைத்துப் பார்த்தாள். எந்த மருந்துக்குக் கிருமி சாகிறதோ அந்த வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும். பத்தில் மூன்றுக்கு வட்டமே இல்லை. ஒன்றுக்கு மட்டும் ஒரு பக்கம் சப்பிப்போன வட்டம். குப்பியிலிருந்து விசிலை எடுத்துப் பக்கத்திலேயே இன்னொரு தட்டில் போட்டாள். அதே மூன்று. அதே சப்பின வட்டம். இரண்டு தட்டையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலோரம் வெகுநேரம் நின்றாள்.

அப்போதும் பதறவில்லை. இரண்டையும் குப்பியிலிட்டு, பெயர் போடாமல் வெறும் எண் மட்டும் போட்டு, கிருமியின் வம்சத்தையே படித்துச் சொல்கிற பெரிய லேபுக்கு அனுப்பினாள். லேபின் தலைவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "எதுக்கும்மா இது?" என்றார். "ஒரு சந்தேகம் ஐயா. தீரணும்" என்றாள். ஊருக்கெல்லாம் நாலு நாளில் போகிற சீட்டை இதற்கு மட்டும் நிறுத்தி வைத்தாள். ஆபரேஷன் அடுத்த வாரம் வியாழக்கிழமை.

திங்கட்கிழமை காலை பெரிய லேபின் பதில் வந்தது. இரண்டு எண்களையும் எழுதி, 'ஒரே வம்சம், வேறுபாடு மிகச் சொற்பம்' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அவள் கையால் எழுதாத சீட்டு.

அதைப் படித்துவிட்டு அவள் செய்ததை இப்போதும் மறைக்கமாட்டாள். புது ஃபாரம் ஒன்றை எடுத்தாள். தங்கக் கையின் பெயரை எழுதினாள். முடிவு என்ற இடத்தில் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதினாள். தேதி போட்டாள், கையெழுத்துப் போட்டாள், வெளியே போகிற சீட்டுகளுக்கான மரத் தட்டில் மற்றவற்றோடு வைத்தாள். ஒரு மணிக்கு வந்து ஆள் அள்ளிக்கொண்டு போய்விடுவார். அவ்வளவுதான் வேலை. களிம்பு கிடையாது, குளியல் கிடையாது. அவர் மூக்கு அவரையே பார்த்துக்கொள்ளும். நான்காம் நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் சீழ். தங்கச்சி போன அதே வழி. தன் வினை தன்னைச் சுடும் என்பார்களே, அதற்கு ரெண்டே ரெண்டு வார்த்தை எழுதினால் போதும்.

காலை முழுவதும் மற்ற தட்டுகளைப் பார்த்தாள். கண் மட்டும் மரத் தட்டுக்கே போயிற்று. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சில் குளிர்ந்தது.

பன்னிரண்டரைக்கு ஒரு நினைப்பு வந்து அந்தக் குளிர்ச்சியைக் கெடுத்தது. செத்தால் என்ன ஆகும்? இரங்கல் கூட்டம் நடக்கும். ஆளாளுக்கு எழுந்து தங்கக் கை தங்கக் கை என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தியேட்டருக்கு அவர் பெயரையே வைத்தாலும் வைப்பார்கள். மூக்கில் ஒன்றுமே இல்லையென்று இந்தச் சீட்டே சொல்லும், அப்படியானால் கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடுவார்கள், ஏதாவது ஒரு ஆயாவின் கை அகப்படும். இல்லாவிட்டால் பழையபடி லேபுக்காரியின் கை. அம்மா இன்னும் அந்தச் செம்பிலிருந்துதான் ஊற்றிக் குடிப்பாள். அந்த வாய் எதைச் சொன்னதோ அதை மாற்றிச் சொல்லாமலே வெந்துபோகும்.

"அவ்வளவு சுலபமா விட்டுடுவேனா உன்னை?" என்று வாய்விட்டே சொன்னாள். லேபின் தலைவர் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தார்.

சீட்டை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். வேறு ஃபாரம் எடுத்து, வளர்ந்திருப்பது இன்னது, கேட்கிற மருந்து இன்னது, கேட்காதது இன்னது, களிம்பும் குளியலும் முடிந்து மறுசோதனை வரும்வரை ஆபரேஷன் கூடாது என்று எழுதினாள். பெரிய லேபின் பதிலைப் பின்னால் குத்தினாள். ஒரு பிரதி தலைமை நர்சுக்கு, ஒன்று தொற்றுத் தடுப்புக் குழுவுக்கு. மூன்றாவது பிரதியை அவளே எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தங்கக் கை தனியறையில் காலை நீட்டிப் படுத்திருந்தார். சீட்டை வாங்கிப் படித்தார். முதல் தாளுக்கு முகத்தைச் சுளித்தார். இரண்டாம் தாளில் நின்றார்.

"இது என்ன, ரெண்டு நம்பர் போட்டிருக்கு?"

"ஒண்ணு உங்க மூக்கு சார். இன்னொண்ணு என் தங்கச்சி."

அவருக்கு முதலில் புரியவில்லை. எந்தத் தங்கச்சி என்றுகூட அவருக்கு நினைவில்லை. பஸ் கண்டக்டர், பித்தப்பைக் கல், பதினோரு வருஷம் என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். நடையில் நின்று அம்மாவிடம் அவர் சொன்னதை, ஒரு எழுத்துப் பிசகாமல், அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு ஒரு கிருமியை வெச்சுக்கிட்டு... உன் லேப்ல நீயே பார்த்தது..."

"நான் பார்க்கலை சார். பெரிய லேப்ல பார்த்தது. அவங்களுக்கு உங்க பேரும் தெரியாது, என் பேரும் தெரியாது. நம்பர்தான் தெரியும்."

அவர் தாளை மறுபடி படித்தார். படிக்கத் தெரிந்தவர்தானே. கண்ணாடியைக் கழற்றினார். கை தானாக மூக்குக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது. அதைப் பார்த்தபோது தட்டுக்காரிக்கு உடம்பு முழுக்க இனித்தது.

"இது மாதிரி இன்னும் எத்தனை பேருக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

"தெரியாது சார். மத்தவங்களோடதை நான் எடுத்து வைக்கலை. அது என் தப்பு." பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த சீட்டை எடுத்து அவர் மார்பின் மேல் வைத்தாள். "இதையும் பாருங்க."

அவர் பிரித்தார். வளர்ச்சி இல்லை. தன் பெயர், இன்றைய தேதி, அவள் கையெழுத்து. முகத்திலிருந்த ரத்தம் இறங்கிப்போயிற்று.

"காலையில எழுதினது சார். ஒரு மணிக்கு உங்ககிட்ட வந்திருக்கும். ஒரு காலைப்பொழுது பூரா உங்க உயிர் என் கையில இருந்துச்சு. இந்தக் கையில." கையை நீட்டிக் காட்டினாள். கம்பி சுட்ட தழும்புகள் உள்ள கை. "கழுவின கைதான். பயப்படாதீங்க."

சீட்டை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேணாம் சார். சிகிச்சை உங்களுக்குத் தானா நடக்கும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நடக்க முடிஞ்சதும் ஒரு நாள் எங்க வீட்டுக்கு வாங்க. அம்மா இருக்காங்க. அன்னிக்கு அவங்ககிட்ட என்ன சொன்னீங்களோ, அதை மாத்திச் சொல்லுங்க. நீங்க வந்து சொல்ற அன்னிக்குத்தான் அந்தக் குப்பியைக் கொல்லுவேன். அதுவரைக்கும் சோறு போட்டுக்கிட்டே இருப்பேன்."

மறுசோதனைக்கு அவளேதான் போனாள். மூன்று வாரம், மூன்று தடவை. "மூக்கைக் காட்டுங்க சார். இன்னும் நிமிருங்க. இன்னும்" என்று, இரண்டு சுற்றுப் போதுமான இடத்தில் ஐந்து சுற்றுச் சுற்றி எடுத்தாள். கண்ணில் நீர் வந்தது அவருக்கு. அந்த அறைக்கு வெளியே மற்றப் பெரிய டாக்டர்கள் வரிசையில் நின்றார்கள். குழு கூடி, மூக்குச் சோதனை இனிமேல் மேலேயிருந்துதான் தொடங்கும் என்று எழுதியே ஒட்டிவிட்டது. கூட்டுகிறவர் வரிசையில் கடைசியாக நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அதை ரசித்தார்.

மூட்டு வைத்தார்கள். காய்ச்சல் வரவில்லை, சீழ் வரவில்லை. தட்டுக்காரி நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் விசாரித்துக்கொண்டாள். அவர் பிழைக்க வேண்டும் என்று அவளைப்போல வேண்டிக்கொண்டவர் அவர் வீட்டில்கூட இருந்திருக்கமாட்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், வீட்டு வாசலில் கார் நின்றது. தங்கக் கை நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி ஏறுவதற்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. தட்டுக்காரி உதவிக்குப் போகவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மடித்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது.

அவர் உட்காரவில்லை. புது மூட்டோடு தாழ்வான நாற்காலியில் உட்காரக் கூடாது; உட்காருங்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை.

"அம்மா, உங்க சின்னப் பொண்ணுக்கு வந்த கிருமி என் மூக்குல இருந்தது. என் கை வழியா அவ புண்ணுல போயிருக்கு. உங்க மூத்த பொண்ணு கையிலேருந்து வரலை. அன்னிக்கு நான் விசாரிக்காம சொல்லிட்டேன். தப்பிக்கறதுக்காகச் சொன்னேன்."

ஊன்றுகோலின் கைப்பிடியில் மாட்டியிருந்த உறையிலிருந்து பெரிய லேபின் சீட்டை எடுத்து நீட்டினார். அம்மா அதை வாங்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. கையிலிருந்த துணியை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்தாள். அதற்கு மேல் மடிக்க முடியாமல் மடியில் வைத்தாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். படியேறி வந்த வியர்வை நெற்றியில் இருந்தது; உதடு காய்ந்திருந்தது.

"ஏய்," என்றாள் அம்மா, மூத்தவளைப் பார்த்து. "தண்ணி கொண்டா."

தட்டுக்காரிக்கு எரிச்சல் வந்தது. இவனுக்கு உபசாரம் வேறா? இருந்தாலும் அம்மா சொல்லிவிட்டாள். உள்ளே போய் ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்துவந்து அவர் பக்கம் நீட்டினாள். அவரும் கையை நீட்டினார்.

"அவருக்கு இல்லடி," என்றாள் அம்மா. "எனக்கு."

அம்மா மகள் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். விரல்மேல் விரல் பட்டது. அவரைப் பார்த்துக்கொண்டே, ஒரே மூச்சில், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். குடித்து முடித்து டம்ளரை மகளிடமே நீட்டினாள்.

"இன்னொண்ணு கொண்டா," என்றாள்.